நோட்டம் நிற்பவர்

கோல்ஃப் ஆடக் கற்றுக்கொள்கிறேன் என்று கல்பாத்தியில் இருக்கும் அக்காவிடம் போனில் சொன்னபோது, "நோக்கென்னடி பைத்தியமா? நாப்பது வயசுக்கு மேல கம்பைத் தூக்கிண்டு வெயில்ல ஓடப்போறயாக்கும்?" என்றாள். ஓடத் தேவையில்லை, நடந்தால் போதும் என்று விளக்கினேன். அவள் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் சொல்லும் விளக்கங்களை அவள் கேட்பதில்லை. அதற்காக நான் விளக்கம் சொல்வதை நிறுத்தியதும் இல்லை.

எனக்கு எதையும் அளந்து பார்க்க வேண்டும். அது குணம்தான், தொழிலும் அதுவாகவே அமைந்துவிட்டது. நீர்மின் நிலையத்தில் மீட்டர்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை. ஒரு கருவி காட்டும் எண்ணை நம்பலாமா கூடாதா என்று இன்னொரு கருவியை வைத்துச் சொல்ல வேண்டும். குடியிருப்பு சித்திரபுரத்தில். என் கணவர் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். இலை வாடியது போதுமா என்று முடிவு செய்வது அவர். ஈரப்பதம் காட்டும் கருவி சுவரில் தொங்கும். அவர் அதன் பக்கம் திரும்பக்கூட மாட்டார். ஒரு பிடி இலையை அள்ளி உள்ளங்கையில் இறுக்கி, கையை விரித்து, உருண்டை எப்படிப் பிரிகிறது என்று பார்ப்பார். அவ்வளவுதான். "மெஷின் சொல்றதும் நீங்க சொல்றதும் ஒண்ணா இருக்கா?" என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "மெஷின்கிட்ட யாரு கேட்டா?" என்றார். இப்படிப்பட்ட ஆளோடுதான் குடித்தனம்.

அவர் சூரியநெல்லியில், எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். எஸ்டேட் மைதானத்தின் வேலிக்கு வெளியே நின்று மானேஜர்கள் ஆடுவதைப் பார்த்தவர். ஒன்பதே குழிகள் கொண்ட சின்ன மைதானம் அது. அவர் டீமேக்கர் ஆன காலத்தில், ஸ்டாஃபும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடலாம் என்று ஆகியிருந்தது. முதல் ஞாயிறே போனார். அடுத்த ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாக இருந்தன. மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். போனை ஒரு குச்சியில் கட்டி மண்ணில் நட்டு, ஒவ்வொரு ஸ்விங்கையும் படம் பிடிப்பேன். வீட்டுக்கு வந்து அதை மெதுவாக ஓடவிட்டு, முதுகெலும்பின் மேல் ஒரு கோடு, இடது கையின் மேல் ஒரு கோடு, இடுப்பு எவ்வளவு திரும்புகிறது என்று ஒரு கோணம். இணையத்தில் பார்த்த பயிற்சியாளர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கோணம் சொன்னார்கள். அத்தனையையும் ஒரே நேரத்தில் செய்து பார்த்தேன். மட்டையை மேலே தூக்கும்போதே மணிக்கட்டு, தோள், முழங்கால் என்று வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருப்பேன். கீழே வருவதற்குள் பந்து இருப்பதே மறந்துபோகும்.

அவர் எதையும் படம் பிடிக்கவில்லை. பந்தின் முன்னால் நிற்பார், ஒருமுறை மூச்சு விடுவார், அடிப்பார். "எப்படி அடிச்சேள்?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. "கைக்குத் தெரியுது" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். கைக்கு எப்படித் தெரியும்? "நல்லா பட்டா கையில ஒண்ணுமே தெரியாது. அடிச்ச மாதிரியே இருக்காது. அதான் கணக்கு" என்று ஒருநாள் சொன்னார். ஒன்றும் தெரியாமலிருப்பதை ஒரு கணக்கு என்று சொல்பவரிடம் என்ன பேசுவது. அப்புறம் என் தமிழைக் கேலி செய்வார். "அடிச்சேளா, அடிக்கலையா? சொல்லுங்கோ" என்று இழுப்பார். நான் மட்டையைக் காட்டி மிரட்டுவேன். நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனிமேல் சொல்லப்போவது வேறு.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பக்கமும் தேயிலை. பந்து செடிக்குள் போனால், போன இடத்தை யாராவது கண்ணால் பிடித்து வைத்திருந்தால்தான் திரும்பக் கிடைக்கும். அடிக்கிறவர் தலையைத் தூக்கினால் அடி கெட்டுப்போகும். அதனால் அடிக்கிறவர் பந்து கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க, கூட ஆடுகிறவர் சற்றுப் பின்னால் நின்று பந்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு நோட்டம் நிற்பது என்று பெயர். மலையாளமும் தமிழும் கலந்த எங்கள் ஊர்ப் பேச்சில் வந்த சொல். காட்டுமாட்டின் குளம்புக் குழியில் பந்து விழுந்தால் கையால் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு சலுகை உண்டு. ஆனால் நோட்டம் நிற்பவர் சொன்ன இடத்தில் பந்து இல்லாவிட்டால் அது தொலைந்த பந்துதான். அவர் சொல்தான் தீர்ப்பு.

அவருக்கு நான் நோட்டம் நிற்பேன். எனக்கு அவர்.

என் பெரிய குறை, தலையைத் தூக்குவது. அடித்து முடிப்பதற்குள் எங்கே போகிறது என்று பார்த்துவிட வேண்டும் எனக்கு. முடிவு தெரியாமல் ஒரு நொடி இருக்க முடியாது. எத்தனை கோடு போட்டும் இது மட்டும் திருந்தவில்லை. அவரோ நேர்மாறு. ஆடத் தொடங்கிய மறு வருடத்திலிருந்து அவர் தலை கொஞ்சமும் அசைவதில்லை. அடித்த பிறகும் பந்து இருந்த புல்லையே பார்த்துக்கொண்டு நிற்பார். மட்டை தோளைச் சுற்றி முடிந்து, பந்து எங்கேயோ விழுந்து உருண்டு நின்ற பிறகுதான் நிமிர்வார். நிமிர்ந்து என்னைப் பார்ப்பார், பந்தை அல்ல. "நல்லா போச்சா?" என்பார்.

நான் அதைப் படம் பிடித்தேன். கோடு போட்டுப் பார்த்தேன். இணையத்துப் பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவதை இந்த மனிதர் யாரும் சொல்லாமலே செய்கிறார் என்று பிரமித்துப் போனேன். அந்தப் படத்தை என் படத்துக்குப் பக்கத்தில் வைத்து ஓடவிட்டு, அவரைப் போல நிற்கப் பழகினேன். மின்நிலையத்தில் கூட வேலை செய்பவர்களிடம் காட்டிப் பெருமையும் அடித்துக்கொண்டேன். பாருங்கள், தலை எப்படி நிற்கிறது, ஆசையே இல்லாத மனுஷன் என்று சொன்னேன். அவரிடமும் சொன்னேன். அவர் சிரித்தார்.

அதே சமயத்தில் என் பந்துகள் தொலைய ஆரம்பித்தன. நான் அடிப்பேன், அவர் உடனே "அழகா போச்சு, நேரா" என்பார். நேராகப் போய்த் தேடுவோம். இருக்காது. செடிகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து இடுப்பு ஒடியும். "நேராவா போச்சு? நன்னா பாத்தேளா?" என்பேன். "இங்கனதான் எங்கயாச்சும் இருக்கும்" என்பார். எனக்கு மனம் வருந்தக்கூடாது என்று கோணல் அடியையும் நேர் என்று சொல்கிறார் என்றே நினைத்தேன். அந்தப் பரிவு எனக்குப் பிடிக்கவில்லை. தப்பான எண்ணைக் காட்டும் மீட்டரை விட, எண்ணே காட்டாத மீட்டர் மேல் என்று ஒருநாள் வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார்.

ஐந்தாவது குழிக்குப் போகும் வழியில் ஒரு நடைபாதை குறுக்கே வரும். கொழுந்து எடுக்கும் பெண்கள் அவசர வேலை இருக்கும் ஞாயிறுகளில் அந்த வழியாகத்தான் போவார்கள். அவர்கள் கடந்து முடியும் வரை ஆடுகிறவர் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்க வேண்டும். இது எழுதாத சட்டம். என் கணவரின் அம்மாவும் அந்தப் பாதையில் நடந்தவர்தான். அதனால் அவர் மற்றவர்களை விடக் கூடுதல் நேரம் நிற்பார். கடைசிப் பெண் மறைந்த பிறகும் நிற்பார்.

ஒரு ஞாயிறு, அவர் பந்தின் முன்னால் தயாராக நின்றார். நான் என் பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். இடது பக்கத்திலிருந்து பெண்கள் வரிசையாக வந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டு வரவில்லை. அவர் காத்து நிற்கவில்லை. மட்டையைத் தூக்கி அடித்தார். நான் நிமிர்ந்தபோது, முன்னால் வந்த ஒருத்தி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பந்து அவளைத் தொடவில்லை. காதோரம் போயிருக்கிறது. பயத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பின்னால் வந்த மூத்த பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள். அவருடைய அம்மாவோடு வேலை செய்தவள்.

"ஏய்யா, கண்ணு தெரியலையா ஒனக்கு? இத்தன பேரு வாரோம்" என்றாள்.

அவர் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார். தலையைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் ஆட்டி, முகத்தைத் தேடிப் பிடித்த பிறகு, "தப்புதான் சித்தி. கவனிக்கல" என்றார். அந்தத் தேடலை நான் பார்த்தேன். ஒரு கணம்தான். ஆனால் என் தொழில் அது. முள் சரியான எண்ணில் போய் நின்றாலும், நிற்பதற்கு முன்னால் தடுமாறுகிறதா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. சாயங்காலம் பைக் ஓட்டுவதை விட்டுவிட்டார், பனி அதிகம் என்று சொல்லி. மேஜையில் வலது ஓரம் வைத்த காபி டம்ளரைத் தட்டிவிடுவார். கோயில் கூட்டத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொள்வார். இந்த வயதில் என்ன கொஞ்சல் என்று கேட்டிருக்கிறேன். எதுவும் நான் காணாதது இல்லை. எல்லாவற்றையும் கண்டிருக்கிறேன். ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை.

போடிமெட்டு வழியாக மதுரைக்குப் போனோம், கண் ஆஸ்பத்திரிக்கு. போகும்போது அவர் வளைவுகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். என்ன பார்த்தார் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

அங்கே ஒரு சோதனை. இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான இயந்திரத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கண்ணை மூடிவிடுவார்கள். நடுவில் இருக்கும் புள்ளியையே பார்க்க வேண்டும். கிண்ணத்தில் அங்கங்கே சின்ன வெளிச்சம் தோன்றி மறையும். தெரியும்போது கையில் இருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். கதவோரம் என்னை நிற்க விட்டார்கள்.

அவர் அமுக்கினார். சீராக அமுக்கினார். இயந்திரம் மெல்ல ஒரு சத்தம் போடும், அவர் அமுக்குவார், மறுபடி சத்தம், மறுபடி அமுக்குவார். தாளம் தப்பவே இல்லை. எனக்கு உயிர் வந்தது. எல்லாம் தெரிகிறது, ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அப்போது அந்த இயந்திரத்தை இயக்கிய பெண் அதை நிறுத்தினாள்.

"சார், லைட்டு தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க. லைட்டே வராதப்பவும் அமுக்குறீங்க" என்றாள்.

அந்த இயந்திரம் இடையிடையே வெறும் சத்தத்தை மட்டும் போட்டுப் பார்க்கிறது என்று எனக்குப் புரிந்தது. நாங்களும் அதைத்தான் செய்வோம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு முள் நகர்கிறதா என்று பார்ப்போம். நகர்ந்தால் அந்த மீட்டர் காட்டியது எதையும் நம்பக்கூடாது. அவர் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. இயந்திரத்தின் லயத்தைப் பிடித்துக்கொண்டு, பந்தை அடிப்பது போல, கையாலேயே சமாளித்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா" என்றார், அந்தப் பெண்ணிடம். மறுபடி ஆரம்பித்தார்கள். சத்தம் வந்தது. அவர் அமுக்கவில்லை. மறுபடி வந்தது. அமுக்கவில்லை. நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

மருத்துவர் இளைஞர், பொறுமையானவர். கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் நரம்பைத் தின்றுவிட்டது என்றார். வலிக்காது, சிவக்காது. ஓரங்களிலிருந்து தின்றுகொண்டே நடுவுக்கு வரும். நடுவில் இன்னும் பார்வை இருக்கிறது, காலடியில் கிடக்கும் பந்து தெரியும், அது பறந்தால் தெரியாது. பந்தைப் பற்றி மருத்துவர் சொல்லவில்லை, அது நானாகச் சேர்த்துக்கொண்டது. "போனது திரும்ப வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தப் பாப்போம். முன்னாடியே வந்திருந்தா நிறைய காப்பாத்தியிருக்கலாம்" என்றார். அவர் தன் கடமையாகச் சொன்னதுதான். வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

"எங்கய்யா கடேசில லயத்துச் சுவரத் தடவிக்கிட்டேதான் நடப்பாரு. குடின்னு நெனச்சோம்" என்றார் என் கணவர்.

திரும்பி வரும் பேருந்தில் தேனி தாண்டும்வரை நான் கேட்கவில்லை. பிறகு கேட்டேன்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

"பந்து மேல போனா தொலைஞ்சிருது. மொதல்ல வெயிலுன்னு நெனச்சேன். அப்புறம் தெரிஞ்சிருச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "சொன்னா நீ அளக்க ஆரம்பிச்சிருவ. தெனம் எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிரும். தெரியாமயே கொஞ்ச நாள் ஆடிக்கிடலாம்னு இருந்தேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடைந்துதான் போனேன். இத்தனை வருடம் கூட வாழ்ந்த ஒருவருக்கு, தன் கண் போகிறது என்று சொல்ல முடியாத ஒரே ஆளாக நான் இருந்திருக்கிறேன். பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் என் கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தடவை போனில் அந்தப் படங்களைத் திறந்தேன். அந்த அசையாத தலை. அந்தத் தலையின் மேல் நான் போட்ட மஞ்சள் கோடு. எல்லாவற்றையும் அழித்தேன்.

இப்போது கண்ணில் சொட்டு மருந்து விடுகிறோம். முதலில் நானே விடுகிறேன் என்றார். கை பழகியதுதானே என்று விட்டார், கன்னத்தில் வழிந்தது. இமையைக் கீழே இழுத்து, மருந்துக் குப்பி இமைமுடியில் படாமல், ஒரே சொட்டு விட நான் கற்றுக்கொண்டேன். இதில் எனக்குக் கை சுத்தம். தொழிற்சாலையில் அவரை இலை வாடும் மாடியிலேயே வைத்துக்கொண்டார்கள். அங்கே அவருக்குக் கண் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஆனால் மாடிப்படியில் ஒவ்வொரு படியையும் காலால் தொட்டுப் பார்த்து இறங்குகிறார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த சோதனையில் இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது. எவ்வளவு என்று காகிதத்தில் போட்டிருந்தார்கள். அதை நான் படித்துச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மைதானத்துக்குப் போக வேண்டாம் என்றே இருந்தேன். சென்ற மாதம் ஒரு ஞாயிறு அவரே பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டார். மழை விட்ட காலை. புல் எல்லாம் நனைந்திருந்தது. வேறு யாரும் இல்லை. "நீ அடி. நோட்டம் நான் நிக்கேன்" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் எனக்குப் பின்னால் வழக்கமான இடத்தில் போய் நின்றார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முகத்தை நேராகப் பள்ளத்தாக்கை நோக்கி வைத்துக்கொண்டு, உண்மையிலேயே பார்க்கப்போகிறவர் போல நின்றார். ஏழாம் நம்பர் மட்டையை எடுத்தேன். மணிக்கட்டு, தோள், முழங்கால் எதுவும் ஞாபகம் வரவில்லை. அவர் பின்னால் நிற்கிறார் என்பது மட்டும் இருந்தது. தூக்கினேன், அடித்தேன்.

கையில் ஒன்றுமே தெரியவில்லை.

அடித்த மாதிரியே இல்லை. சத்தம் மட்டும் வந்தது, சுத்தமாக, பள்ளத்தாக்கு முழுவதும் கேட்டது. என் வாழ்நாளில் நான் அடித்த ஒரே அடி அதுதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்த அந்த நொடியில் நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நிமிர்ந்து வானத்தில் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். மின்சாரம் போன வீட்டில் தீப்பெட்டியைத் தேடும் கை போல அந்தக் கண்கள் வலது பக்கம் போயின, மேலே போயின, திரும்பி வந்தன. வழக்கமாக இந்நேரம் "அழகா போச்சு" வந்திருக்கும். வரவில்லை.

"எங்க போச்சு?" என்று கேட்டார். அவர் என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

நேராகப் போச்சு என்று சொல்லிவிடலாம் என்று இருந்தது. சொல் நாக்கு வரைக்கும் வந்தது.

"தெரியலை" என்றேன். "நான் பாக்கலை."

அவர் சிரித்துவிட்டார். "பாக்கலன்னா பாக்கலன்னு சொல்றதுக்கு இம்புட்டு நேரமா ஒனக்கு?" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு என் பக்கம் நடந்து வந்தார், நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. நான் நகர்ந்து போய் அந்தக் கைக்கு முன்னால் நின்றேன்.